வாடகை பாதியானது, சேமிப்பு காலானது: ஒரு குடும்பம் ஊர் மாறிய கணக்கு

என் தங்கையும் மாப்பிள்ளையும் பெருநகரத்தை விட்டுச் சிறுநகரத்துக்குக் குடிபோய் இரண்டு வருடம் ஆகிறது. போவதற்கு முன்னால் அவர்கள் போட்ட கணக்கு, முதல் வருடம் உண்மையில் ஆன செலவு, இரண்டாம் வருடத்தின் வரவு செலவு என மூன்றும் என் முன்னால் இருக்கின்றன. இருவரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஊர்ப் பெயரும் தொகையும் வேண்டாம் என்றார்கள். அதனால் பெருநகரத்தில் இருவரும் சேர்ந்து மாதம் கையில் வாங்கிய சம்பளத்தை 100 என்று வைத்துக்கொள்கிறேன். கீழே வரும் எண்கள் எல்லாம் அந்த 100-க்கு எதிராகத்தான். உங்கள் சம்பளத்தை அதில் பொருத்திப் பார்த்துக்கொள்ளலாம்.

மாப்பிள்ளைக்கு மென்பொருள் வேலை, வீட்டிலிருந்தே பார்ப்பது. அவர் சம்பளம் 58. தங்கை மருந்துத் தரப் பரிசோதனைக்கூடத்தில் வேதியியலாளர், பதினொரு வருட அனுபவம். அவள் சம்பளம் 42. ஏழு வயதில் ஒரு பெண் குழந்தை.

பெருநகரத்தில் வாடகைக்கு மட்டும் 31 போனது. சாப்பாடு, மளிகைக்கு 16. குழந்தையின் பள்ளிக்கும், மாலையில் பார்த்துக்கொள்ளும் டே கேருக்கும் 12. ரயில் பாஸ், எப்போதாவது டாக்சி என்று போக்குவரத்துக்கு 7. கரண்ட், தண்ணீர், இணையம், போன் எல்லாம் சேர்ந்து 5. மருத்துவம், காப்பீட்டுக்கு 4. துணிமணி, வெளியே போய் வருவது 8. சில்லறைச் செலவு 5. ஆக 88. மிச்சம் 12.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். சிறுநகரத்தில் வாடகை 13, மளிகை 14, போக்குவரத்து 5, பள்ளி 8 என்று வரிசையாகப் போட்டு, மொத்தச் செலவு 59 என்று முடித்திருந்தார்.

“பாருங்க மச்சான், மாசம் 41 நிக்கும். இங்க முக்கி முனகி 12 தான்.”

தங்கை எட்டிப் பார்த்தாள். “என் சம்பளத்தை அப்படியே 42-னு போட்டிருக்கீங்களே?”

“அங்கயும் லேப் இருக்கும்ல?”

அந்தக் கேள்விக்குப் பதில் தேடாமலேயே பேச்சு வீட்டின் அளவுக்குப் போய்விட்டது. நானும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் எனக்கு வருத்தம் உண்டு. ஏனென்றால் இந்த நிகழ்வில் நடந்தது முழுவதும் தங்கையின் சம்பளம் போட்டிருந்த அந்த ஒரு கட்டத்துக்குள் இருந்தது.

வாடகை ஏன் இவ்வளவு குறைகிறது

செங்கல், சிமெண்ட், கம்பி, பெயிண்ட் ஆகியவற்றின் விலை ஊருக்கு ஊர் கொஞ்சம்தான் மாறும். கொத்தனார் கூலி மாறும், ஆனால் அதுவும் மூன்று மடங்கு மாறாது. மடங்கு கணக்கில் மாறுவது நிலத்தின் விலை. வேலை குவிந்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மனைக்கு எல்லோரும் போட்டி போடுகிறார்கள். தூரம் போகப் போக அந்தப் போட்டி தளர்கிறது. 1964-இல் வில்லியம் அலோன்சோ நகர நிலத்தைப் பற்றி வகுத்த கோட்பாட்டின் சாரம் இதுதான். பெருநகர வாடகையில் பெரும்பகுதி சுவருக்கும் கூரைக்கும் போவதில்லை, அந்த இடத்தில் இருப்பதற்காகக் கொடுப்பது.

இதற்கு அடுத்த படியை 1982-இல் ஜெனிஃபர் ரோபாக் சொன்னார். இரண்டு ஊரிலும் ஒரே சம்பளம், ஒரே வசதி, ஆனால் ஒன்றில் மட்டும் வாடகை பாதி என்றால் என்ன நடக்கும்? ஆட்கள் அங்கே போய்க்கொண்டே இருப்பார்கள், வாடகை ஏறிச் சமமாகிவிடும். அப்படி ஏறாமல் நிற்கிறது என்றால், அங்கே சம்பளம் குறைவாக இருக்க வேண்டும், அல்லது ஏதோ ஒரு வசதி குறைவாக இருக்க வேண்டும். அதாவது ஓர் ஊரின் வாடகையில் அந்த ஊர்ச் சம்பளம் ஏற்கெனவே கலந்திருக்கிறது. பெருநகரச் சம்பளத்தைக் கையோடு கொண்டுவருகிற ஆளுக்குத்தான் சிறுநகர வாடகை முழு லாபம். மாப்பிள்ளை அப்படிப்பட்ட ஆள். தங்கை அப்படி இல்லை. ஒரே வீட்டுக்குள் ஒருவருக்கு லாபமும் மற்றவருக்கு நஷ்டமும் ஒன்றாக வந்தன. காகிதத்தில் இருந்த கணக்கோ இருவரையும் மாப்பிள்ளை மாதிரியே நினைத்துப் போட்டது.

மளிகையில் எதிர்பார்த்தது கிடைக்கவில்லை

சிறுநகரத்தில் எல்லாமே மலிவு என்று நம்பித்தான் போனார்கள். மளிகை 16-லிருந்து 14-க்கு இறங்கும் என்று எழுதியிருந்தார்கள். முதல் வருடச் சராசரி 15. காய்கறி கொஞ்சம் குறைந்தது. ஆனால் சோப்பு, எண்ணெய், பால் பவுடர், குழந்தையின் நோட்டுப் புத்தகம் போன்ற அச்சிட்ட விலைப் பொருள்கள் அதே விலைதான். சில பொருள்கள் அந்த ஊரில் கிடைக்காமல் ஆன்லைனில் வாங்கி, அனுப்பும் செலவும் கொடுக்க வேண்டியிருந்தது.

இது என் தங்கை வீட்டில் மட்டும் நடந்ததில்லை. ஜெசி ஹேண்ட்பரி, டேவிட் வைன்ஸ்டீன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் அமெரிக்க நகரங்களில் வாங்கிய மளிகைப் பொருள்களின் பார்கோடு தரவை வைத்து 2015-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அதே பொருளை, அதே மாதிரிக் கடையில் ஒப்பிட்டால், பெரிய நகரத்தில் விலை கூடுதல் என்ற பேச்சு ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. கிடைக்கும் வகைகளின் எண்ணிக்கையையும் கணக்கில் எடுத்தால் பெரிய நகரமே மலிவாகிறது. அமெரிக்கப் பொருளாதாரப் பகுப்பாய்வு அமைப்பு வெளியிடும் பகுதிவாரி விலை ஒப்பீடுகளிலும் இதே போக்குதான்: பொருள்களின் விலை ஊருக்கு ஊர் குறைவாகத்தான் மாறுகிறது, வாடகைதான் மிக அதிகமாக மாறுகிறது. ஆகவே ‘அந்த ஊரில் எல்லாம் விலை கம்மி’ என்று யாராவது சொன்னால், அதை ‘வாடகை கம்மி’ என்று எடுத்துக்கொண்டு மற்ற வரிகளைத் தனித்தனியாக விசாரிப்பது நல்லது.

கார்

போக்குவரத்துக்கு 5 என்று போட்டிருந்தார்கள். ஊர் சின்னது, எல்லாம் பக்கம், நடந்தே போகலாம் என்ற எண்ணம்.

பள்ளி உண்மையிலேயே பக்கம்தான். ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு. ஆனால் நடைபாதை கிடையாது, லாரி போகும் சாலை. ஏழு வயதுக் குழந்தையைத் தனியாக அனுப்ப முடியாது. பேருந்து நாற்பது நிமிடத்துக்கு ஒன்று, ஏழு மணிக்கு மேல் அதுவும் இல்லை. இரண்டாவது மாதத்தில் ஒரு நாள் இரவு ஒன்பது மணிக்குக் குழந்தைக்கு காய்ச்சல் ஏறிவிட்டது. வாடகை வண்டிக்கு போன் போட்டு முக்கால் மணி நேரம் வாசலில் நின்றிருக்கிறார்கள். தங்கை குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றதை மாப்பிள்ளை இப்போதும் சொல்வார். அடுத்த மாதம் கார் வந்துவிட்டது.

காரின் கடன் தவணை 6, பெட்ரோல் 3, காப்பீடும் சர்வீஸும் சேர்ந்து 3. மொத்தம் 12. பெருநகரத்தில் 7 ஆக இருந்தது இங்கே 12 ஆனது. கணக்கில் இல்லாத இன்னொன்றும் சேர்ந்தது. பழைய பல் மருத்துவர், மாமியாரின் கண் சிகிச்சை, உறவினர் வீட்டு விசேஷம் என்று பெருநகரத்துக்குப் போய்வரும் செலவு மாதம் சராசரி 4.

அமெரிக்காவில் அண்டைப்புறத் தொழில்நுட்ப மையம் என்ற அமைப்பு, வீட்டுச் செலவையும் போக்குவரத்துச் செலவையும் பிரிக்காமல் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று சொல்லிவருகிறது. இரண்டும் சேர்ந்து வருமானத்தில் 45 சதவீதத்துக்குள் இருப்பதுதான் அவர்கள் வைத்திருக்கும் அளவுகோல். தூரமாகப் போனால் வீடு மலிவு, ஆனால் அந்த மலிவை வண்டி தின்றுவிடும் என்பதால்தான் இப்படி. தங்கை வீட்டில் இதைப் போட்டுப் பார்த்தேன். பெருநகரத்தில் வாடகையும் போக்குவரத்தும் சேர்ந்து வருமானத்தில் 38 சதவீதம். சிறுநகரத்தில் முதல் வருடம், ஊருக்குப் போய்வரும் செலவையும் சேர்த்தால் 29, அப்போதைய வருமானம் 74. அதாவது 39 சதவீதம். வாடகை பாதிக்கும் கீழே போயும் பங்கு குறையவில்லை. அதற்குக் காரணம் கார் பாதி, வருமானம் பாதி.

அந்த ஒரு கட்டம்

மாப்பிள்ளையின் சம்பளம் 58-லிருந்து 54 ஆனது. ஊருக்கேற்பச் சம்பளம் மாறும் என்று அவருடைய ஒப்பந்தத்திலேயே இருந்தது, அவர் அதை எதிர்பார்த்திருந்தார். இந்தப் பழக்கம் பரவலாகத் தெரிய வந்தது 2020 மே மாதத்தில்தான். வெளியூரிலிருந்து வேலை செய்யலாம், ஆனால் இருக்கும் ஊரைப் பொறுத்துச் சம்பளம் மாறும் என்று பேஸ்புக் அப்போது அறிவித்தது.

தங்கையின் கதைதான் கனமானது. அந்த ஊரில் அவள் துறைக்கு ஏற்ற பரிசோதனைக்கூடம் ஒன்றே ஒன்று. அங்கே அவள் தகுதிக்கு உரிய நாற்காலியில் ஏற்கெனவே ஒருவர் இருந்தார், அவர் ஓய்வு பெற இன்னும் பல வருடம் இருந்தது. தொடக்கநிலைப் பணியாளராக வரலாம் என்றார்கள். பெருநகரத்தில் ஒரு வேலை போனால் அதே பேருந்துத் தடத்தில் இன்னொரு கூடம் இருந்தது. இங்கே ஒரு கதவு மூடினால் அவ்வளவுதான்.

ஐந்து மாதம் வேலை இல்லை. அப்புறம் ஒரு கல்லூரியில் ஆய்வகப் பயிற்றுநர் வேலை, சம்பளம் 20. “மாசக் கடைசியில அவர்கிட்ட காசு கேக்கற மாதிரி இருக்குண்ணா” என்று போனில் ஒரு நாள் சொன்னாள். பதினொரு வருடம் சம்பாதித்த பெண். நான் பதில் சொல்லத் தெரியாமல் இருந்தேன்.

இருவரும் படித்து வேலைக்குப் போகும் தம்பதிகள் ஏன் பெரிய நகரங்களில் சேர்கிறார்கள் என்பதை டோரா கோஸ்டா, மாத்யூ கான் இருவரும் 2000-இல் எழுதினார்கள். அமெரிக்காவில் கணவன் மனைவி இருவரும் கல்லூரிப் படிப்பு முடித்த குடும்பங்களில் பெரிய மாநகரப் பகுதிகளில் வசித்தவர்கள் 1940-இல் 32 சதவீதம், 1990-இல் 50 சதவீதம். ஒருவருக்கு வேலை தேடுவது ஒரு பிரச்சினை. ஒரே ஊரில் இருவருக்கும், இரண்டு வேறு துறைகளில், தேடுவது அதைவிடப் பல மடங்கு கடினம். வேலைச் சந்தை பெரிதாக இருந்தால்தான் இரண்டும் ஒருசேரக் கிடைக்கும். ஊர்களின் விலைவாசி ஒப்பீடுகள் எதுவும் இதைக் காட்டுவதில்லை. அவை ஊரின் விலையைச் சொல்லும், அந்த ஊரில் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய சம்பளத்தைச் சொல்லாது. பெரும்பாலான வீடுகளில் இந்த விடுபட்ட எண் மனைவியின் எண்ணாக இருக்கிறது என்பது எனக்குக் கோபம் தரும் விஷயம். வேலை மாற்றம் கணவனுக்கு வந்தால் ஊர் மாறுகிறது, மனைவியின் வேலையைப் ‘போன பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்கிறோம்.

சரி, கணக்குக்கு வருவோம். வேலை இல்லாத ஐந்து மாதமும் வருமானம் 54, செலவு சராசரி 66. மாதம் 12 வீதம் 60 கையிருப்பிலிருந்து கரைந்தது. அப்புறம் வருமானம் 74, செலவு 71. மிச்சம் 3. கரைந்த 60-ஐ மாதம் 3 வீதம் திருப்பிச் சேர்க்க இருபது மாதம் ஆகும். காகிதத்தில் 41 என்று நின்ற இடம் இது.

இழந்தது மட்டும் இல்லை

இங்கே நிறுத்தினால் சிறுநகரத்துக்கு அநியாயம் செய்தவன் ஆவேன். பழைய வீட்டைப் போல் ஒன்றரை மடங்கு பெரிய வீடு. ஒரே அளவு இடத்துக்கு வாடகையை ஒப்பிட்டால் பெருநகரம் மூன்றரை மடங்குக்கும் மேல். (பெரிய வீட்டுக்கு கரண்ட் பில் கூடியதும் உண்மை, 5 ஆக இருந்தது 6 ஆனது.) குழந்தைக்குத் தனி அறை. தங்கை முன்பு வேலைக்குப் போக 70 நிமிடம், வர 70 நிமிடம். இங்கே கல்லூரிக்குப் போக 15, வர 15. நாளுக்கு 110 நிமிடம், வாரம் ஐந்து நாளுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் மிச்சம். ரயிலில் நின்றுகொண்டே போனில் குழந்தைக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்தவள், இப்போது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறாள். இதற்கு எந்த வரியிலும் எண் கிடையாது. ஆனால் திரும்பிப் பெருநகரத்துக்கே போய்விடலாமா என்று நான் கேட்டபோது அவள் வேண்டாம் என்றதற்கு இதுதான் காரணம்.

இரண்டாம் வருடத் தொடக்கத்தில் பழைய கூடத்தின் மேலதிகாரி அழைத்தார். பரிசோதனை ஆவணங்களைச் சரிபார்க்க அனுபவமுள்ள ஆள் வேண்டும், பெரும்பகுதி வீட்டிலிருந்தே பார்க்கலாம், மாதம் இரண்டு முறை வந்தால் போதும் என்றார். ஒரு வருட ஒப்பந்தம், சம்பளம் 33. கல்லூரி வேலையை விட்டாள். வருமானம் 87, பயணம் சேர்ந்து செலவு 73, மிச்சம் 14. பெருநகரத்தில் நின்ற 12-ஐ இப்போதுதான் தாண்டியிருக்கிறார்கள்.

அந்த 33 எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். சிறுநகரம் கொடுத்ததில்லை. பதினொரு வருடம் பெருநகரத்தில் கற்ற வேலையும், அங்கே அவளைத் தெரிந்த மனிதர்களும் கொடுத்தது. ஸ்பெயின் நாட்டுத் தொழிலாளர்களின் பணிப் பதிவுகளை வைத்து டி லா ரோகா, டியேகோ பூகா இருவரும் 2017-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பொருந்துகிறது. பெரிய நகரத்தில் பெற்ற அனுபவத்துக்கு மதிப்பு அதிகம், அங்கிருந்து கிளம்பிய பிறகும் அந்த மதிப்பில் பெரும்பகுதி அவர்களோடு போகிறது என்று அவர்கள் கண்டார்கள். இதை வைத்து ஒன்று சொல்லத் துணிகிறேன். இருபத்தைந்து வயதில் வாடகைக்குப் பயந்து சின்ன ஊருக்குப் போவதும், முப்பத்தெட்டு வயதில் தொழிலைக் கற்று முடித்துப் போவதும் ஒன்றில்லை. முதலாமவர் வாடகையை மிச்சம் பிடிக்கப் போய்க் கற்றுக்கொள்ளும் வருடங்களையும் இழந்துவிடுகிறார்.

வீடு வாங்கலாமா

இப்போது வீட்டுக்காரர், “நீங்களே எடுத்துக்கறீங்களா?” என்று கேட்டிருக்கிறார். அவர் சொன்ன விலை ஆண்டு வாடகையைப் போல் 22 மடங்கு. 13-ஐ 12 மாதத்தால் பெருக்கி 22-ஆல் பெருக்கினால் 3,432. இப்போதைய குடும்ப வருமானத்தில் மூன்றே கால் வருடத்துச் சம்பளம். பெருநகரத்தில் அவர்கள் இருந்த பிளாட் வாடகையைப் போல் 35 மடங்குக்கு விலை போனது, பழைய வருமானத்தில் கிட்டத்தட்ட பதினொரு வருடச் சம்பளம். வீட்டு விலை ஆண்டு வருமானத்தில் மூன்று மடங்குக்குள் இருந்தால் கட்டுப்படியாகும், ஐந்து மடங்கைத் தாண்டினால் கடுமை என்பது டெமோகிராபியா அறிக்கைகளில் நகரங்களைத் தரம் பிரிக்கும் முறை. அந்த அளவில் பார்த்தால் சிறுநகர வீடு மூன்று மடங்கைக் கொஞ்சம்தான் தாண்டுகிறது, கிட்டத்தட்ட கைக்கு எட்டுகிறது.

மாப்பிள்ளைக்கு ஆசை வந்துவிட்டது. எனக்கு இரண்டு தயக்கம்.

முதலாவது மாதக் கணக்கு. விலையில் 80 சதவீதம் கடன், 8 சதவீத வட்டி, இருபது வருடம் என்று வைத்தால் ஈஎம்ஐ 23 வருகிறது. வாடகை 13. கூடுதலாக 10. இன்றைய மிச்சம் 14-இல் அதைக் கட்டிவிடலாம். தங்கையின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் அவள் மறுபடி 20-க்குப் போனால், செலவு பழைய 71-க்கே இறங்கினாலும் மாதம் 7 துண்டு விழும்.

இரண்டாவது, விற்கும் நாள். பெருநகரத்தில் வாங்க ஆள் வரிசையில் இருப்பார்கள். சின்ன ஊரில் ஒரு பெரிய முதலாளி கதவை மூடினால் வேலையும் வீட்டு விலையும் சேர்ந்தே விழும். எட்வர்ட் கிளேசர், ஜோசப் ஜியோர்கோ 2005-இல் இதை விளக்கினார்கள். ஆட்கள் ஊரைவிட்டுப் போய்விடலாம், கட்டிய வீடு போகாது. அதனால் தேயும் ஊர்களில் வீட்டின் விலை அதைக் கட்ட ஆகும் செலவுக்கும் கீழே போய்விடுகிறது. டெட்ராய்ட் இதற்குத் தெரிந்த உதாரணம். தங்கை இருக்கும் ஊர் தேய்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் மாப்பிள்ளையை நாளைக்கே ஆபீசுக்கு வரச் சொன்னால், வாடகை வீட்டை ஒரே மாதத்தில் காலி செய்யலாம். சொந்த வீட்டை விற்க எத்தனை மாதம் ஆகும் என்று அந்தத் தெருவிலேயே கேட்கச் சொன்னேன். கேட்டார்கள். எதிர்வீடு விற்க ஒன்றரை வருடம் ஆகியிருக்கிறது.

பள்ளி ஆண்டு முடியட்டும் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவைத்திருக்கிறார்கள். போன மாதம் நான் அங்கே போயிருந்தபோது மாப்பிள்ளை அதே லேப்டாப்பில் அதே கோப்பைத் திறந்தார். முன்பு முதல் வரியில் வாடகை இருந்தது. இப்போது அதற்கு மேலே தங்கை இரண்டு வரி சேர்த்திருந்தாள். ஒன்றில் அவள் ஒப்பந்தம் முடியும் தேதி. அடுத்ததில், அது நின்றுபோனால் இந்த ஊரில் அவளுக்குக் கிடைக்கக்கூடிய சம்பளம்: 20.